கூடாரத்துக்குள் ஒரு பருவம்

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், வயதுவந்த ஒருவர் வீட்டில் 3 கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். பலர் அலமாரி அளவுக் கூடாரம் ஒன்றில் வளர்க்கிறார்கள். உள்ளே எல்இடி விளக்கு, காற்றாடி, வாசனையை விழுங்கும் கரி வடிகட்டி. எனக்குப் பிடித்தது அந்த விளக்கின் தந்திரம். 18 மணி நேர வெளிச்சத்தை 12 ஆகக் குறைத்ததும், கோடை முடிந்துவிட்டதென்று நம்பிச் செடி பூக்கத் தொடங்கிவிடும். (தானாகப் பூக்கும் ரகங்கள் இதற்கெல்லாம் ஏமாறுவதில்லை.) அறுவடை நாளை உருப்பெருக்கிதான் சொல்லும்: பூமேல் இருக்கும் பிசின் மணிகள் கண்ணாடித் தெளிவு மாறிப் பால்போல் வெளுக்க வேண்டும். பிறகு இருட்டில் தொங்கவிட்டு மெல்ல உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் புல்வாசம்தான் மிஞ்சும். இத்தனை பாடுபட்டு விளைந்ததை நண்பருக்குச் சும்மா கொடுக்கக்கூட அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை.