எஞ்சியிருக்கும் சுதந்திரம்

சிந்தனை கோணலாகிவிட்ட மனிதனுக்குச் சுதந்திரம் எஞ்சுமா? இக்கேள்வியோடு தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலை மீண்டும் வாசித்தேன்.

வறிய மாணவன் ரஸ்கோல்னிகோவ், மாமனிதர்களை அறநெறி கட்டுப்படுத்தாது என்று தனிமையில் எண்ணத் தொடங்குகிறான். அடகு பிடிக்கும் மூதாட்டியைக் கொல்லத் திட்டமிடுகிறான். குதிரையொன்று அடித்துக் கொல்லப்படும் கனவினின்று விழித்ததும் அத்திட்டத்தை உதறுகிறான்; பாலத்தைக் கடக்கையில், தான் விடுதலை பெற்றதாகவே உணர்கிறான். பின்னர், மறுநாள் மாலை மூதாட்டி தனித்திருப்பாள் என்ற செய்தி தற்செயலாகக் காதில் விழுகிறது. இனித் தன் சித்தம் தன்னிடமில்லை என்று முடிவுகட்டுகிறான்.

ஆசிரியரின் நுட்பம் இங்கேதான். கோணல் சிந்தனை அவனது சுதந்திரத்தைச் சுருக்கியது உண்மை. ஆயினும் பாலத்தின்மீது அது உயிரோடிருந்தது. ‘எனக்குச் சுதந்திரமில்லை’ என்பதே அவனுடைய கோணல்களுள் கொடியது.

நீதிமன்றம் அவனது மனநிலையையும் கருதி எட்டாண்டுத் தண்டனையே விதிக்கிறது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அச்சம், பழக்கம், உளவியல் காரணங்கள் முதலியன ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும் கூடும் என்கிறது.

இறுதியில் வரும் மனமாற்றம் சற்றே அவசரமானது. அது நாவலின் குறை. ஆனால் சோனியா நமக்குப் பாடம். மனம் நொறுங்கியவரை ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று தீர்ப்பிடுகிறோம். அல்லது ‘இனித் தேறமாட்டான்’ என்று கைவிடுகிறோம். அவளோ எஞ்சியிருந்த சுதந்திரத்தை நோக்கிப் பேசினாள். சைபீரியாவரை உடன் சென்றாள்.