காத்திருத்தலும் அடங்கியிருத்தலும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் பொறுமை

முன்னுரை

இறைவனுக்காகப் பொறுமையோடு காத்திருத்தல் என்பது கிறித்தவ சமய வாழ்வின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலுள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, சீயோன் லுத்தரன் ஆலயம், 1928-இல் கட்டப்பட்ட கிள்ளான் லூர்து மாதா ஆலயம் முதலிய வழிபாட்டிடங்களில் தமிழ்மொழி தொடர்ந்து ஒலித்து வருகிறது. அங்குக் கூடும் மக்களுக்குக் 'காத்திரு' என்னும் சொல் நன்கு பழகிய சொல்லாகும். எனினும் அச்சொல்லின் பொருளாழம் இலக்கிய நோக்கில் போதிய அளவு ஆராயப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

காத்திருத்தல் என்பது வருவதையெல்லாம் வாய்மூடி ஏற்றுக்கொள்ளுதலா, அன்றி வேறொன்றா என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாகும். தோட்டப்புற வாழ்வை வரலாறாகக் கொண்ட மலேசியத் தமிழருக்கு இவ்வினா வெறும் ஏட்டளவிலான வினாவன்று. சொல்லாராய்ச்சி, முல்லைத்திணை மரபு, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஆகிய மூன்றின் துணைகொண்டு இதற்கு விடைகாண முற்படுகிறோம்.

சொல்லும் பொருளும்

தமிழ் விவிலியத்தின் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, சீர்திருத்தத் திருச்சபைகளின் சமயத்தமிழை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. சங்கீதங்களில் இறைவனை எதிர்நோக்கும் நிலையைக் குறிக்க அது இரண்டு சொற்களைச் சிறப்பாகக் கையாளுகிறது. ஒன்று 'காத்திரு' என்பது. மற்றொன்று 'அமர்ந்திரு' என்பது. 37-ஆம் சங்கீதத்தில் இவ்விரு கருத்துகளும் அடுத்தடுத்து வருதல் காணலாம்.

எபிரேய மூலத்தில் இவற்றிற்கு ஈடாகப் பல வினைச்சொற்கள் உள்ளன. அவற்றுள் 'காவா' என்பது எதிர்நோக்குதலைக் குறிப்பது. அதனோடு தொடர்புடைய 'திக்வா' என்னும் பெயர்ச்சொல் நம்பிக்கை என்னும் பொருளையும் கயிறு என்னும் பொருளையும் தருவது. யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் ராகாப் தன் சாளரத்தில் கட்டும் கயிற்றுக்கு இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. எனவே எபிரேயச் சிந்தனையில் காத்திருத்தல் என்பது முறுக்கேறிய கயிறு போன்றதோர் இழுவிசை நிலை எனலாம். தளர்ந்து கிடத்தல் அன்று.

தமிழ்ச்சொல் இதனை வேறொரு வகையில் உணர்த்துகிறது. காத்திரு என்பது கா, இரு என்னும் இரு வினைகளின் சேர்க்கை. கா என்பது காவல் செய்தலைக் குறிப்பது. ஆகவே தமிழில் காத்திருப்பவர் வெறுமனே இருப்பவர் அல்லர். ஒன்றைக் காத்துக்கொண்டு இருப்பவர் ஆவார். எபிரேயக் 'காவா'வுக்கும் தமிழ்க் 'கா'வுக்கும் உள்ள ஒலியொப்புமை தற்செயலானது. அதனைக்கொண்டு வேர்ச்சொல் உறவு காட்ட முற்படுவது பிழையாகும். ஆயினும் பொருள்நிலையில் ஒரு பொருத்தம் உண்டு. 130-ஆம் சங்கீதம் விடியலை எதிர்நோக்கும் இரவுக் காவலரைக் காத்திருப்போர்க்கு உவமையாக்குகிறது. 121-ஆம் சங்கீதமோ உறங்காது காக்கும் காவலராக இறைவனையே காட்டுகிறது. மூலத்தில் காவலரையும் காக்கும் இறைவனையும் குறிப்பது ஒரே வினையடியாகும். தமிழிலும் மனிதன் காத்திருக்கிறான், இறைவன் காக்கிறார் என இருபாலும் 'கா' என்னும் ஒரே அடி அமைந்துவிடுகிறது. இவ்வொற்றுமையை வகுப்பறையில் எடுத்துக்காட்டினால் மாணவர்க்குச் சொல்லுணர்வும் பொருளுணர்வும் ஒருங்கே வாய்க்கும்.

முல்லையும் சங்கீதமும்

காத்திருத்தலைத் தனியொரு திணைக்கு உரிப்பொருளாக வைத்த மொழி தமிழ். முல்லைக்கு இருத்தல் என்று வகுத்த இலக்கண மரபு, பிரிவினை ஆற்றியிருக்கும் உள்ளத்தை ஓர் அறமாகவே கண்டது. இத்துறையில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குத் தனி உரிமை உண்டு. 1961-இல் இத்துறையின் தலைமைப் பொறுப்பேற்றவரும், 1966-இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழ் மாநாட்டின் முதன்மை அமைப்பாளருமான தனிநாயகம் அடிகள், கத்தோலிக்கத் துறவியாக இருந்துகொண்டே சங்கக் கவிதையில் நிலமும் இயற்கையும் பெறும் இடத்தை ஆராய்ந்தவர். திணை மரபையும் கிறித்தவ மரபையும் அருகருகே வைத்து நோக்கும் முயற்சிக்கு அவரது வாழ்வே ஒரு முன்மாதிரியாகும்.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகளில் இருத்தலின் இயல்பை விளக்குகிறது. கார்காலம் தொடங்கிவிட்டது, போருக்குச் சென்ற அரசன் வரவில்லை. முதுபெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றினை ஓர் ஆயர்மகள் தேற்றும் சொல் அவர்கள் காதில் விழுகிறது. அதனை நன்னிமித்தமாகக் கொண்டு அரசியை ஆற்றுவிக்கின்றனர். அவளோ தேறாமல் கண்ணீர் உகுக்கிறாள்; பின் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். ஆற்றியிருத்தல் என்பது அழாதிருத்தல் அன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முல்லைக்கும் சங்கீதத்துக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடும் உண்டு. முல்லையில் தவணை உண்டு, கார்காலமே அத்தவணை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் மழை பெய்வதால், கார்கால வரவு எவ்வாறு ஒரு வாக்குறுதியின் கெடுவாக அமையும் என்பதை நம் மாணவர்க்கு விளக்கியே சொல்ல வேண்டியுள்ளது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரம் கூறும் கொக்கிற்கும் காலம் உண்டு. தக்க வேளையைக் கணித்து அதுவரை ஒடுங்கியிருப்பது அதன் அறிவு. சங்கீதக்காரருக்கோ தவணையும் இல்லை. காலம் அவர் கணிப்பிலும் இல்லை. அதனால்தான் 'எதுவரைக்கும்' என்னும் வினா 13-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் நான்கு முறை எழுகிறது. தவணையற்ற காத்திருப்பு வினாவாக மாறுகிறது; அவ்வினாவே வழிபாட்டுப் பாடலாகவும் ஏற்கப்பட்டுள்ளது.

இரட்சணிய யாத்திரிகத்தில் பொறுமை

ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவிக் கிருஷ்ண பிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்ட இக்காப்பியம், நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்ததாகும்.

பனியனின் கதையில் பொறுமைக்கென ஒரு காட்சி உண்டு. ஆசை, பொறுமை என்னும் இரு சிறுவருள் முன்னவன் தன் பங்கு முழுவதையும் இப்போதே கேட்கிறான்; பின்னவன் வரும் ஆண்டுவரை காத்திருக்க இசைகிறான். முன்னவனுக்குக் கிடைத்த பொருள் விரைவில் அழிந்து கந்தலே எஞ்சுகிறது. காட்சி தெளிவானது; ஆனால் அதில் பொறுமை ஒரு கணக்காகச் சுருங்கிவிடுகிறது. இன்று விட்டால் நாளை மிகுதியாகக் கிடைக்கும் என்னும் அளவில் அது நின்றுவிடுகிறது.

கிருஷ்ண பிள்ளையின் சிறப்பு வேறிடத்தில் வெளிப்படுகிறது. குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசு பிணிக்கப்பட்டு இகழப்படும் காட்சி அமைந்துள்ளது. அவரைக் கட்டியது பகைவரின் கயிறன்று, மக்கள்மீது அவர் கொண்ட அன்பே என்று கவிஞர் காட்டுகிறார். பார்த்து நின்றோரோ மண் வெடிக்காததும் விண் இடிந்து விழாததும் ஏன் என்று புலம்புகின்றனர். இவ்விரு நிலைகளையும் இணைத்துக் காணுதல் வேண்டும். நீதி தாமதிப்பதைப் பொறாது கதறுவோர் ஒருபுறம். பொறுத்து நிற்கும் இறைமகன் மறுபுறம். கவிஞர் புலம்புவோரைக் கண்டித்து வாயடைக்கவில்லை. அவர்தம் குரலுக்கு விருத்தத்தின் முழு ஓசையையும் அளித்துள்ளார்.

ஆங்கிலேய இறையியலார் டபிள்யூ.எச். வான்ஸ்டோன் 1982-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒப்புக்கொடுக்கப்பட்ட பின் இயேசு செயல்புரிபவராக அன்றிப் பிறர் செயலுக்கு உட்படுபவராகவே நற்செய்தியில் காட்டப்படுகிறார் என்றும், காத்திருத்தலுக்குரிய மாண்பு அங்கேதான் விளங்குகிறது என்றும் வாதிட்டார். அந்நூலுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் காப்பியம் ஒன்று இதனையொத்த உண்மையைக் காட்சியாக அமைத்திருப்பது பெருமைக்குரியது. மனிதன் இறைவனுக்காகக் காத்திருக்கிறான் என்பது பொதுக்கருத்து. இறைவனும் மனிதனுக்காகக் காத்திருக்கிறார் என்பது இக்காட்சி தரும் தனிக்கருத்தாகும்.

பொறுமையும் அடங்கிப்போதலும்

இக்கருத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் இன்றியமையாதது. கங்காணி முறையின் கீழ் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரிடம் பொறுமை ஒரு பண்பாகப் பாராட்டப்பட்டது. சொன்னதைச் செய்வோர், எதிர்த்துப் பேசாதோர் என்பதே அப்பாராட்டின் உட்பொருள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்தம் கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டுமன்று, வெள்ளையர் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டிய இழிவு நீங்குவதும் ஒன்றாக இருந்தது. தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் இந்துக்கள்; எனவே இதனைக் கிறித்தவப் போராட்டமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. பொறுமை என்னும் சொல் யாருடைய வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது என்பதே நாம் கூறவிழைவது.

புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் இதற்குத் தக்க சான்று. அதன் 5-ஆம் அதிகாரம், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுவோனைப்போலப் பொறுமையாயிருக்கச் சொல்கிறது. பலரும் மேற்கோள் காட்டும் பகுதி இது. ஆனால் அதற்குச் சற்று முன்னர், 4-ஆம் வசனத்தில், அறுவடை செய்தோர்க்குக் கொடுக்காமல் பிடித்துக்கொள்ளப்பட்ட கூலியே கூக்குரலிடுவதாகச் சொல்லப்பட்டுள்ளது. கூலியின் குரலை விடுத்துப் பொறுமையை மட்டும் போதிப்பது பாதி வாசிப்பே ஆகும். அதே அதிகாரம் யோபுவைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. யோபின் நூல் 42 அதிகாரங்கள் கொண்டது. அவர் வாய்திறந்து முறையிடத் தொடங்குவது 3-ஆம் அதிகாரத்திலேயே. அவ்வாறு முறையிட்டவரையே விவிலியம் பொறுமைசாலி என்கிறது. பொறுமை எனப் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல்லின் உறுப்புப்பொருள் 'கீழே நிலைத்து நிற்றல்' என்பதாகும். பாரத்தின் கீழ் நிற்பவர் பாரத்தைப் பாரமென்று சொல்லத் தடையில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. தமிழில் காத்திருத்தல் என்பது காவலோடு இருத்தல். முல்லையின் ஆற்றியிருத்தலிலும் சங்கீதத்தின் காத்திருத்தலிலும் கண்ணீருக்கும் வினாவுக்கும் இடமுண்டு. கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தில் பொறுமை வலியோர் எளியோர்க்கு இடும் கட்டளையாக அன்றி, இறைமகன் தாமே மேற்கொண்ட அன்பின் வெளிப்பாடாக விளங்குகிறது.

தமிழாசிரியர்கள் இப்பகுதிகளைக் கற்பிக்குங்கால் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்னும் பழமொழியோடு பாடத்தை முடித்துவிடுதல் வழக்கம். அதனைக் கடந்து, இங்கே யார் காத்திருக்கிறார், எதனைக் காத்துக்கொண்டிருக்கிறார், அவர் தம் துயரைச் சொல்ல இடமிருக்கிறதா என்னும் மூன்று வினாக்களை மாணவர்முன் வைப்பது பயனளிக்கும். சமய வேறுபாடின்றி எம்மாணவரும் முல்லைப்பாட்டையும் இரட்சணிய யாத்திரிகத்தையும் இவ்வினாக்களோடு அணுக இயலும். விடியலுக்குக் காத்திருக்கும் காவலர் உறங்குவதில்லை; காத்திருத்தலைக் கற்பித்தலும் விழித்திருத்தலைக் கற்பித்தலேயாகும் என்பது நம் துணிபு.