கோவலன் நாடகமும் கண்ணகி திரைப்படமும்

மேடையில் நிலைபெற்ற இசைநாடகக் கதை திரைக்கு வருங்கால், பாட்டுக் குறைந்தது என்பதே அதன்மேல் எளிதில் எழும் குற்றச்சாட்டாகும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) கோவலன் நாடகத்தில் தோய்ந்தோர், அதே கதையைக் கூறும் 'கண்ணகி' படத்தையும் (1942) அவ்வாறே அளத்தல் கூடும். அவ்வளவுகோல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மேடையில் வழக்கும் பாட்டே. நடிகர் இருவர் தர்க்கப் பாட்டால் மோதுவர். எதிர்நிற்போர் என்ன விடை தருவார் என்பதை முன்னரே அறுதியிட்டுரைத்தல் இயலாது. இது மேடையின் பெருஞ்சிறப்பு. ஆயின், வென்றது வழக்கோ குரலோ என்னும் ஐயமும் உடன் எஞ்சுகின்றது.

ஜூபிடர் நிறுவனத்தார்க்காக ஆர். எஸ். மணி இயக்கிய படம் இவ்வையத்தை நீக்கிற்று. பி. யு. சின்னப்பாவின் கோவலன் பாடுகின்றான், பி. கண்ணாம்பாவின் கண்ணகியோ அவையிற் பேசுகின்றாள். அப்பேச்சை எழுதியவர் இளங்கோவன். தணிகாசலம் என்பது அவர்தம் இயற்பெயர். கண்ணாம்பா தெலுங்கு நாடகமேடையினின்றும் வந்தவர். அவர்தம் நாவில் இவ்வுரைநடை வீறுபெற்றமை, தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் கனகம்மாசத்திரத்திலிருந்து எழுதும் நமக்கு வியப்பன்று. சொல்லை நிறுத்தி உரைக்கும் மேடைப்பயிற்சி மொழியெல்லையைக் கடக்கவல்லது.

இனி, காப்பியத்தை நோக்குவாம். கண்ணகியின் அழுகையை இளங்கோவடிகள் துன்பமாலை, ஊர்சூழ்வரி என்னும் இசைசார்ந்த பகுதிகளில் அமைத்தார். வழக்குரை காதையிலோ மிகுதியும் அகவல் நடையே ஆள்கின்றது. காரணம் வெளிப்படை. ஆங்கு எழும் வினா, சிலம்பின் பரல் முத்தோ மாணிக்கமோ என்பது. உடைத்துக் காட்டித் தெளியவேண்டிய உண்மைக்கு இராகத்தின் துணை வேண்டா. துயர் பாடற்குரியது, நீதி உரைத்தற்குரியது. ஆதலின், அவைக்காட்சியிற் பாட்டை விட்ட படம் நாடகத்தினின்றும் விலகியதாயினும் காப்பியத்தை அணுகியது என்க.

இழப்பு இல்லையோ எனின், உண்டு. திரையில் பாண்டியன் விடை என்றும் ஒன்றே. மேடையிலோ அரசனாக நிற்பவன் ஒவ்வோர் இரவும் புதிதாக விடையிறுக்க வேண்டும். அவ்வுயிர்ப்பைப் படச்சுருள் தரமாட்டாது.

எனவே, பாட்டின் எண்ணிக்கை திரைத்தழுவலுக்கு அளவுகோலாகாது. பாட்டு எவ்விடத்து நின்றது, எதன்பொருட்டு நின்றது என்பதே வினவத்தக்கது. அவ்வினாவிற்குக் 'கண்ணகி' நேரிய விடை தந்தது என்பதே நம் துணிபு.