வாய்தா

தமிழில் சிறையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் சிறை இல்லை என்று ஒரு சிறு கூட்டத்தில் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வ.உ.சி.யின் செக்கு இல்லையா, ராஜாஜியின் வேலூர் நாட்குறிப்பு இல்லையா, சி.ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்' இல்லையா என்று கேட்டார்கள். இருக்கின்றன. மூன்றையும் மதிக்கிறவன்தான். ஆனால் இவர்கள் மூவரும் தாம் ஏன் உள்ளே இருக்கிறோம் என்று தெரிந்தவர்கள். அந்தத் தெளிவு சிறையை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. ராஜாஜி தம் அனுபவத்துக்கு 'சிறையில் தவம்' என்று பெயர் வைத்தார். தவத்துக்கு ஒரு நோக்கம் உண்டு, முடியும் நாள் உண்டு, வரமும் உண்டு. 1921 டிசம்பரில் உள்ளே போனவர் மூன்று மாதத்தில் வெளியே வந்தார். (வரம் சற்றுத் தாமதித்து 1937-இல் கிடைத்தது.)

இன்று உள்ளே இருப்பவன் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் மீது எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. இவர்களை வெளியே விட்டால் சிறை காலியாகிவிடும் என்றுகூடச் சொல்லலாம். ஜனத்தொகையோடு பார்த்தால் நம் எண்ணிக்கை சொற்பம் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் லட்சத்துக்கு 500 பேருக்கு மேல், இங்கே 40 அளவில். உண்மைதான். அங்கே பெரும்பாலோர் தண்டிக்கப்பட்டு உள்ளே இருக்கிறார்கள். இங்கே காத்திருப்பதற்காக உள்ளே இருக்கிறார்கள். இந்தக் காத்திருத்தலுக்கு நம் கோர்ட்டு வராந்தாவில் ஒரு சொல் உண்டு: வாய்தா. நம் இலக்கியத்தில் அது ஒரு அனுபவமாக இன்னும் நுழையவில்லை.

உப்பளத்தில் எங்கள் தெருவில் மீன் விற்கிற ஒரு அம்மாளின் மகன் ஒரு அடிதடி வழக்கில் உள்ளே போனான். முன்பெல்லாம் நகரத்தின் நடுவிலேயே ஜெயில் இருந்தது. அது காலாப்பட்டுக்குப் போய், பழைய இடம் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. ஆகவே மனு போட்டுப் பார்ப்பது என்றால் அவளுக்கு ஒரு நாள் வியாபாரம் போயிற்று. கோர்ட்டுக்குப் போய் வந்த நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள்: "கூட்டியாரல தம்பி. போலீசு இல்லியாம். வாய்தாவாம்." அந்த 'ஆம்' விகுதியில் யார் மீதும் புகார் இல்லை. மழை வராததைச் சொல்வது போலச் சொல்வாள்.

ஃபூக்கோவின் சிறை நூல் 1975-இல் வந்தது. பிரெஞ்சு பேசிய ஊர்க்காரர்கள் என்பதால் நமக்கு அவர்மீது ஒரு சொந்தம். சிறை குற்றத்தைக் குறைப்பதில்லை, 'குற்றவாளி' என்றொரு மனிதவகையை உற்பத்தி செய்கிறது என்று அவர் சொன்னது இங்கும் செல்லும். ஆனால் அவர் வர்ணிக்கும் சிறை ஒரு கால அட்டவணை. மணியடித்தால் எழவேண்டும், மணியடித்தால் வேலை. உடம்பு நேரத்துக்குள் பழக்கப்படுகிறது. காலாப்பட்டில் இருக்கும் பையனுக்கு எந்த அட்டவணை? விசாரணைக் கைதிக்கு வேலைகூடக் கட்டாயமில்லை. அவனிடமிருந்து பறிக்கப்படுவது நாள் கணக்கு. ஐந்து வருஷம் என்று தண்டனை பெற்றவன் சுவரில் கோடு கிழிக்கலாம். இவன் எதிலிருந்து எதைக் கழிப்பான்? 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், குற்றம் நிரூபணமானாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் பீகார் சிறைகளில் சிலர் கிடந்தது வெளிவந்தது. அதிகபட்ச தண்டனையில் பாதியைக் கழித்தவரை ஜாமீனில் விட 2006 முதல் சட்டப்பிரிவு உண்டு. 2024 ஜூலை முதல், முதல் முறை மாட்டியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். இதை எண்ணிச் சொல்ல உள்ளே ஒருவன் வேண்டும், அவ்வளவுதான்.

படங்களுக்கு வருகிறேன். சந்திரகுமாரின் 'லாக்கப்' குண்டூரில் 1983-இல் அவரும் நண்பர்களும் பட்ட அடியைச் சொல்கிறது. அதற்குப் பின் ஐந்தரை மாதம் சிறையில் இருந்தார்கள். 2015-இல் அது 'விசாரணை' ஆனபோது லத்தி முழுதாக வந்தது. அந்த ஐந்தரை மாதம் வரவில்லை. வெற்றிமாறனைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வன்முறைக்குப் பிம்பம் உண்டு, காத்திருத்தலுக்கு இல்லை; ஆனால் அப்படி ஒரு பிம்பத்தைக் கண்டுபிடிப்பதுதானே கலைஞனின் வேலை? 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்ததை வைத்து எடுத்த 'ஜெய் பீம்' (2021) ஒரே ஒரு காட்சியில் இதைத் தொட்டது. ஜெயில் வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை ஜாதி கேட்டுப் பிரிக்கிறார்கள். சிலர் வீட்டுக்கு, இருளரும் குறவரும் மறுபடி போலீஸ் வண்டிக்கு, முடியாத வழக்குகளுக்கு. அந்த வாசலிலேயே படம் நின்றிருந்தால் பெரிய படமாகியிருக்கும். வழக்கறிஞர் வந்து காப்பாற்றுகிற கதையாகிவிட்டது. அந்த வாசல் கற்பனையும் அல்ல. சிறை விதிகளில் ஜாதிப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில்தான்.

நம் சர்க்கார்களும் பிம்பம் செய்கிறவர்களே. 1982-இன் 14-ஆவது சட்டம் 'குண்டர்' என்ற சொல்லைத் தமிழர் வாயில் போட்டது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவரில் ஆரம்பித்து, பிற்பாடு திருட்டு வீடியோ, மணல் என்று பட்டியல் நீண்டது. கலெக்டர் அல்லது கமிஷனரின் ஓர் உத்தரவில், விசாரணை இல்லாமல், 12 மாதம் வரை. 2021 முடிவில் நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருந்தவர்களில் பாதிப்பேர் தமிழகச் சிறைகளில் இருந்தார்கள். கட்சி மாறினாலும் இது மாறவில்லை. 'குண்டாஸ் போட்டாச்சு' என்று பத்திரிகையில் படிக்கிறவனுக்கு விசாரணை முடிந்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. நாலு எழுத்தில் ஒரு நாவல். புதுச்சேரியும் 2008-இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது.

அந்தப் பையனுக்கு நாலாம் மாதம் ஜாமீன் கிடைத்தது. உத்தரவை என்னிடம்தான் படிக்கக் கொண்டுவந்தாள். இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும், சொத்துக்கு ரசீது காட்டவேண்டும். ஒரு ஆள் இருக்கிறது தம்பி, இன்னொரு ஆள்தான், என்று சொல்லி நிறுத்தினாள். நான் வாடகை வீட்டில் இருப்பதைச் சொன்னேன். உண்மைதான். சொன்னதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியும் உண்மை. ஊரில் அண்ணனுடன் பொதுவில் ஒரு காணி இருப்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

இன்னொரு ஆள் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. பையன் இப்போது துறைமுகப் பக்கம் வலை பின்னுகிற ஒருவரிடம் கூலிக்கு இருக்கிறான். வழக்கு முடியவில்லை. தேதி வருகிற நாளில் கூலி இல்லை. காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் வாசலைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போகிறான்.