மிச்ச நூலில் ஒரு பிடிதுணி

நெசவு முடியும்போது தறியில் ஒரு முழம் பாவாவது மிஞ்சும். விழுதை நெருங்கிவிட்ட இழைகள் விரிந்து நாடாவுக்கு வழிவிடாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தத் துண்டு நூல்களை முடிந்து, ஆணி அடித்த சிறு மரச்சட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக, மேலும் கீழுமாகக் கோத்தால் அருமையான பிடிதுணி கிடைக்கும். ஆங்காங்கே புடைத்து நிற்கும் முடிச்சுகள்தான் எனக்கு அதன் அழகு. பிடி வழுக்காமலும் இருக்கும்.

பதுளைப் பக்கத்து லயங்களில் விறகடுப்பிலிருந்து கேத்தலை இறக்கப் பருத்தியே நல்லது. பொலியெஸ்டர் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அப்புத்தளை மூடுபனியில் துணி லேசில் காயாது. அடுப்புக்கு மேலே கொடியில் போடுங்கள். ஈரத்துணியால் மட்டும் கேத்தலைத் தொடாதீர்கள், சூடு நொடியில் கைக்கு ஏறிவிடும்.