கண்ணளவும் கைக்கடிகாரமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முட்டுக்காடு பாலத்துக்குப் போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார்கள். ஒரு பக்கம் கடலைத் தொடும் முகத்துவாரம், இன்னொரு பக்கம் உப்பங்கழி. பாதிப் பேர் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்னால் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். நானும் அதே ஜாதி. போன வருஷம் ஒரு நாள் 9,600 காலடியில் நின்றது கணக்கு. பைக் பக்கத்தில் நின்ற இடத்திலேயே மிச்ச நானூறையும் மிதித்தேன். வலையோடு போன பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, கால் மரத்துப் போச்சா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

எனக்குக் காரணம் இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. முப்பது வயதில் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "எல்லைக்கோட்டில் நிக்கிறீங்க" என்றார். எடை 91 கிலோ. ஜிம்முக்குப் போகக் கூச்சம். யாருக்கும் தெரியாமல், தனியாகவே இளைத்துவிடலாம் என்று ஒரு வாட்ச்சும் ஒரு செயலியும் வாங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, முதல் நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. கேளம்பாக்கம் அறையில் பத்து மணி நேரம் நாற்காலியில் கிடந்தவனை எழுப்பி நடக்கவிட்டது அந்த வாட்ச்தான். அடுத்த ஐந்து மாதத்தில் ஏழு கிலோ ஏறியது.

ஏன் என்று யோசித்தபோதுதான் அந்தச் செயலியை ஒரு பிரதியாக வாசிக்க ஆரம்பித்தேன். அதற்கு ஒரு கதைசொல்லி இருக்கிறான். பயங்கரத் தன்னம்பிக்கை உள்ளவன். '312 கலோரி எரித்துவிட்டாய்' என்பான், 310 என்றுகூடச் சொல்லமாட்டான். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே சொன்ன அந்தக் கருவிகள், எரித்த கலோரி விஷயத்தில் கோட்டைவிட்டன. இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. பத்தாயிரம் காலடி என்ற இலக்குக்கும் பெரிய சாஸ்திரம் கிடையாது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் 'மன்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் காலடி மீட்டர்'. ஒரு விளம்பரப் பெயருக்காகத்தான் நான் பாலத்தில் நின்று மிதித்திருக்கிறேன்.

தப்பான எண்ணைக்கூட மன்னித்துவிடலாம். எனக்கு உறுத்துவது அந்தக் கதைசொல்லியின் இலக்கணம். அவனுடைய வாக்கியங்களில் எழுவாய் ஒன்றே ஒன்றுதான்: நீ. நீ நடந்தாய், நீ தின்றாய், நீ தவறவிட்டாய். இரவு ஷிஃப்ட், அடுப்பில்லாத வாடகை அறை, ஓஎம்ஆரில் பத்து மணிக்கு மேல் கிடைக்கிற ஒரே சாப்பாடான பரோட்டா, இதெல்லாம் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வராது. ஜெயித்தால் பாராட்டு செயலிக்கு, தோற்றால் குற்றம் எனக்கு.

2015இல் வந்த 'இஞ்சி இடுப்பழகி' ஞாபகம் இருக்கிறதா? அனுஷ்கா அந்தப் பாத்திரத்துக்காக நிஜமாகவே எடை ஏற்றிக்கொண்டு நடித்த படம். அதில் குறுக்குவழியில் இளைக்க வைப்பதாகச் சொல்லும் நிறுவனம்தான் எதிரி. அதன் முதலாளி பிரகாஷ் ராஜ். படம் சுமார்தான், நகைச்சுவை பல இடத்தில் நொண்டும். ஆனாலும் ஒரு வசதி அதில் உண்டு. கோபப்பட ஒரு ஆள் இருந்தான், அவனுக்கு ஒரு கட்டடம் இருந்தது. இப்போது அந்த நிறுவனம் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. கதாநாயகனும் வில்லனும் நான்தான். யாரோடு சண்டை போடுவது?

சண்டை வீட்டில் நடந்தது. ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வைத்த வத்தக்குழம்பைச் செயலியில் ஏற்ற வேண்டும். "எத்தனை ஸ்பூன் நல்லெண்ணெய் ஊத்துனம்மா?" என்றேன். "கண்ணளவுதான்டா" என்றாள். செயலியில் கண்ணளவு என்ற அளவு கிடையாது. நானாக ஒரு எண்ணைப் போட்டேன், சிவப்புக் காட்டியது, தட்டை நகர்த்திவிட்டேன். அடுத்த முறை போனபோது, குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா முதலில் என் போனைப் பார்த்தாள். ஏறிய ஏழு கிலோவைவிட அந்தப் பார்வைதான் எனக்குக் கனமாக இருக்கிறது.

தனியாக இளைப்பது என்பதையே அப்புறம்தான் சந்தேகிக்க ஆரம்பித்தேன். 2016இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வில் 471 இளைஞர்கள். எல்லோருக்கும் முதல் ஆறு மாதம் ஒரே உணவுத் திட்டம், ஒரே ஆலோசனை. பிறகு ஒரு பாதிக்குக் கருவி கொடுத்தார்கள். மறுபாதி தங்கள் கணக்கைத் தாங்களே பதிந்துகொண்டது. இரண்டு வருஷம் கழித்து, கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ.

அதற்காகத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. என்னைப் போலவே எல்லைக்கோட்டில் நின்ற, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக எஸ்எம்எஸ். இரண்டு வருஷத்தில் எஸ்எம்எஸ் வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, வந்தவர்களில் 18 சதவீதம். எஸ்எம்எஸ்ஸால் காலடியை எண்ண முடியாது, தட்டை எட்டிப் பார்க்கவும் முடியாது. அந்த ஆள் எந்த மனநிலையில் இருக்கிறான் என்று பார்த்து அதற்கேற்ப ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். என் வாட்ச் என்னை அளந்துகொண்டே இருந்தது, ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

இப்போது ஞாயிறுகளில் நடக்கும்போது அம்மாவுக்கு போன் போடுகிறேன். "எதுவரைக்கும் வந்திருக்கடா?" என்பாள். "பாலம் தெரியுதும்மா." எடை 88. இறங்கும், ஏறும். அடுத்த மாதம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை எதிரில் உட்கார்ந்து ஒரு டாக்டர் எனக்கு வாசித்துக் காட்டுவார், நான் அவரிடம் திரும்பக் கேள்வி கேட்கலாம். அம்மாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.