திரையில் தெரியும் புள்ளி

காஞ்சிபுரத்தை விட்டுப் புறப்பட்ட பேருந்து இப்போது எங்கே ஓடுகிறது? கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு புள்ளி காட்டும். அதை அப்படியே நம்பிவிடலாமா?

2019 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பதிவாகும் புதிய பயணியர் பேருந்துகளில் இடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் கருவியின் இயல்பையும் அறியுங்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களில் நான்கின் சைகைகளேனும் அதற்குத் தேவை. சைகை கோபுரத்திலோ மாடிக் கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வந்தால், பாதை நீண்டு கணக்குப் பிசகும்.

பெரிய குறை வேறொன்று. இடத்தை அறிவது செயற்கைக் கோளால். அதை அறிவிப்பது கைப்பேசி வலையமைப்பால். வலையமைப்பு கிட்டாத இடத்தில் அபாய அழைப்பு தடைப்படலாம். தேடிச் செல்வோரும் பழைய இடத்துக்கே போவார்கள். ஆகவே, ஒவ்வொரு புள்ளியும் எந்த நேரத்துக்குரியது என்பதைத் திரை தெளிவாகக் காட்ட வேண்டும். கருவியைப் பொருத்துவதோடு கடமை முடியாது.